பெரணி வாடினால் முதலில் மண்ணைத் தோண்டுங்கள்

எங்கள் வீட்டுச் சக்கைமரத்தடியில் (பலாவை எங்கள் பக்கம் இப்படித்தான் சொல்வோம்) புல்தரை போட இரண்டு தடவை காசைக் கரைத்தோம். இரண்டு தடவையும் ஆறே மாதத்தில் புல் போய்ச் செம்மண் பல்லிளித்தது. அதே நேரத்தில் கிணற்றடித் துவைகல்லைச் சுற்றி, யாரும் நடாமல், யாரும் உரம் வைக்காமல், ஒரு பெரணிக் கூட்டம் முழங்கால் உயரத்துக்குத் தழைத்து நின்றது. அதில் பத்துக் குத்தைப் பிடுங்கி மரத்தடியில் வைத்தேன். இப்போது அங்கே மண்ணே தெரியாது.

ஊர் நாகர்கோவிலுக்கு வடக்கே மலையடிவாரம். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நனைக்கிற இடம். 'இங்கே பெரணி வளர்க்கத் தனியாக வித்தை வேண்டுமா?' என்று கேட்பார்கள். அப்படிக் கேட்டவர்களே கையில் ஒரு காய்ந்த இலையோடு வந்து நிற்பார்கள். இலையைக் கண்டு சொல்லக்கூடியது கொஞ்சம்தான். பெரணியின் உயிர் மண்ணுக்குக் கீழே இருக்கிறது. அதனால் வருகிறவர்களிடம் நான் கேட்பது, 'குத்தின் ஓரத்தில் தோண்டிப் பார்த்தீர்களா?'

எந்தப் பெரணி என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். பள்ளிப் பாடத்தில் பெரணி, இலங்கைப் புத்தகங்களில் பன்னம், நர்சரியில் ஃபெர்ன். நான் சொல்வது நெஃப்ரோலெப்பிஸ் கார்டிஃபோலியா என்ற நம் மண்ணின் வகை. நீண்டு ஒடுங்கிய இலை, இரண்டு பக்கமும் சீப்புப் பற்கள் மாதிரி சிற்றிலைகள், குத்திலிருந்து கம்பி போல ஓடுதண்டுகள். நர்சரியில் தொங்குசட்டியில் விற்கும் பாஸ்டன் ஃபெர்ன் இதற்குச் சொந்தக்காரன், ஆனால் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தது. இரண்டையும் பிரித்தறிய இலையை உற்றுப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஓடுதண்டைப் பிடித்துக்கொண்டே மண்ணுக்குள் போங்கள். சுண்டைக்காய் அளவில், பொன்பழுப்புச் செதில் போர்த்திய உருண்டைக் கிழங்குகள் கிடைத்தால் நம்முடையது. பாஸ்டனுக்கு அந்தக் கிழங்கு கிடையாது.

அந்தக் கிழங்குதான் இதன் தண்ணீர்க்குடம். நேபாளத்தில் இதைப் பானி அமலா என்று சொல்லிப் பறித்துத் தின்கிறார்கள். நானும் கழுவிக் கடித்துப் பார்த்தேன். தண்ணீர்தான், ருசி என்று சொல்ல ஒன்றுமில்லை.

இனி எந்தக் கோளாறானாலும் இந்தச் சோதனையை முதலில் செய்யுங்கள். குத்தின் ஓரத்தில் ஒரு கரண்டி மண்ணை அள்ளி நாலைந்து கிழங்கைக் கையில் எடுத்து அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் செடிக்கு உயிராபத்து இல்லை. மேலே தெரிவது சாயம் போனது மட்டும்தான், அவசரப்பட வேண்டாம். சுருங்கித் தோல் மடிந்திருந்தால் தண்ணீர் போதவில்லை. அழுத்தியதும் கொழகொழவென்று பிதுங்கி நாற்றம் வந்தால் தண்ணீர் அதிகம், அல்லது ஆழமாக நட்டுவிட்டீர்கள். மீதியெல்லாம் இதற்குப் பிறகுதான்.

'இலைக்கு அடியில் பூச்சி முட்டையிட்டிருக்கு'

என்னிடம் வரும் புகார்களில் பாதி இதுதான். அந்தப் பாதியிலும் முக்கால்வாசி பூச்சியே இல்லை. பெரணி பூக்காது, காய்க்காது. இலையின் அடிப்பக்கத்தில் ஸ்போர் (விதைக்குப் பதிலான நுண்தூள்) பைகளைக் கொத்துக் கொத்தாக வைத்துத்தான் இனம் பெருக்கும். அதைப் பூச்சி என்று நினைத்து மருந்தடித்து, மருந்தினாலேயே செடியைக் கருக்கியவர்களை எனக்குத் தெரியும். முதல் வருஷம் நானே ஒரு பாத்தியை அப்படித் தீர்த்துக் கட்டினேன்.

வித்தியாசம் காண்பது சுலபம். ஸ்போர் கொத்து என்றால் ஒழுங்கு இருக்கும். ஒவ்வொரு சிற்றிலையிலும் நடு நரம்புக்கு இருபுறமும் தலா ஒரு வரிசை, அவரைவிதை வடிவத்தில், ஏறக்குறைய ஒரே இடைவெளியில் நிற்கும். முதலில் வெளிர்பச்சை, பிறகு பழுப்பு. இலையின் மேல்பக்கத்திலோ காம்பிலோ இருக்காது. சந்தேகம் தீரவில்லையா? ஒரு இலையை வெட்டி, அடிப்பக்கம் கீழே இருக்கும்படி வெள்ளைத் தாளில் வைத்து மேலே ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பாரமாக வையுங்கள். முற்றிய கொத்தாக இருந்தால், ஒன்றிரண்டு நாளில் தாளில் பழுப்புத் தூள் வரிசை வரிசையாக அச்சாகியிருக்கும்.

செதில்பூச்சி என்றால் ஒழுங்கே இருக்காது. காம்பில் ஒன்று, இலை நடுவில் மூன்று, மேல்பக்கத்தில் இரண்டு என்று சிதறிக் கிடக்கும். நகத்தால் சுரண்டினால் முழுசாகப் பெயர்ந்து வரும். பெரணிக்கே உரிய ஒரு செதில்பூச்சி உண்டு. அதன் பெண் பழுப்பு நிறத்தில் சின்னதாக ஒட்டிக்கொண்டிருக்கும், கண்ணில் படாது. ஆண்தான் காட்டிக்கொடுப்பது: இலை முழுக்கத் தேங்காய்த் துருவல் தூவினது மாதிரி வெள்ளை வெள்ளையாக இருக்கும். அதைக் கண்டால் யோசிக்காமல் அந்த இலைகளை அடியோடு வெட்டி எரித்துவிடுங்கள். உரக்குழியில் போடக் கூடாது. தரையில் படரவிடும் பெரணியில் பத்து இலை போனால் குறையொன்றும் தெரியாது. தொட்டிச் செடிக்காரர்களுக்கு இல்லாத வசதி இது.

காம்பு இடுக்கில் பஞ்சு மாதிரி இருந்து, எறும்பும் சாரை சாரையாக ஏறினால் மாவுப்பூச்சி. வேகமாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். மிஞ்சியதை ஈரத்துணியால் துடையுங்கள்.

வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும் கலந்து அடிக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். மல்லிகைக்கும் கத்தரிக்கும் அது நல்லது. பெரணியின் இலைத் தோல் மெலிசு. எண்ணெய், சோப்பு இரண்டுமே அதைச் சுடும். அடித்தே தீருவேன் என்றால் ஒரே ஒரு இலையில், சாயங்காலம் அடித்துவிட்டு ஐந்து நாள் பொறுத்துப் பாருங்கள். கருகவில்லை என்றால் மட்டும் மேலே போங்கள்.

நுனி கருகுகிறது

முதலில் சிற்றிலைகளின் நுனி மட்டும் பழுப்பாகும். பிறகு ஓரம். நடுவில் பச்சை அப்படியே இருக்கும். இதைக் கண்டதும் 'தண்ணீர் போதல' என்று இன்னொரு வாளி ஊற்றுகிறோம். ஊற்றுகிற தண்ணீரே காரணமாக இருக்கும்போது வாளிக்கு வாளி கருகல் கூடும்.

கிழங்கு கெட்டியாக இருந்தும் நுனி கருகுகிறதென்றால் உப்பைத் தேடுங்கள். மூன்று இடத்தில் அது ஒளிந்திருக்கும்.

ஒன்று, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். வீட்டில் வெந்நீர் போடும் பாத்திரத்தைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் வெள்ளையாகப் பொருக்குப் படிந்திருந்தால் அதே பொருக்கு மண்ணிலும் படிகிறது. மலையடிவாரக் கிணறுகளில் இந்தத் தொல்லை குறைவு. கடலை நோக்கி இறங்க இறங்கக் கூடும். இதைவிட மோசம், தண்ணீர் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. கருவி வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீர். வீணாகிறதே என்று குழாயைப் பெரணிப் பாத்திக்கு விட்டிருந்த வீடு ஒன்றைப் பார்த்தேன். நல்ல எண்ணம்தான். ஆனால் வடிகட்டியில் நின்ற உப்பெல்லாம் திரண்டு வருவது அந்தக் குழாயில். அதைத் தென்னைக்குத் திருப்பச் சொன்னேன். இரண்டு மழை பெய்ததும் புதுக் குருத்துகள் சுத்தமாக வந்தன.

இரண்டாவது, தென்னைநார்க் கழிவு. கோகோபீட் என்று கட்டியாக விற்கிறார்களே, அது. ஈரம் பிடிப்பதில் அதற்கு நிகரில்லை, பெரணிக்குப் பிடித்தமும்கூட. ஆனால் தேங்காய் மட்டையில் இயல்பாகவே சோடியமும் பொட்டாசியமும் நிறைய. உப்பங்கழியில் ஊறப்போட்ட மட்டையாக இருந்தால் கேட்கவே வேண்டாம். நான் ஒரு 5 கிலோ கட்டியை வாங்கி, ஊறவைத்து, அப்படியே மண்ணில் கலந்து நட்டேன். மூன்றாவது வாரம் நுனியெல்லாம் தீய்ந்தது. இப்போது ஊறவைத்துப் பிழிந்து, தண்ணீரைக் கொட்டி, மறுபடி ஊறவைத்து, இப்படி மூன்று தடவை. முதல் தடவை வடிகிற தண்ணீர் காப்பி நிறத்தில் இருக்கும். கடைசியில் வெளிறிய தேநீர் நிறத்துக்கு வந்தால் போதும்.

மூன்றாவது, உரம். பெரணிக்குப் பசி குறைவு. 19:19:19 போன்ற, தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள கரையும் உரம் என்றால் லிட்டருக்கு 1 கிராமுக்கு மேல் வேண்டாம், அதுவும் மழைக்காலத்தில் மாதம் ஒரு தடவை. யூரியாவைக் கையால் தூவுவது, பச்சைச் சாணத்தைக் குத்தின் மேலேயே கொட்டுவது இரண்டும் கருக்கும் வேலை. மக்கிய இலையும் ஆறின தொழுவுரமும் இரண்டு விரல் கனத்துக்கு வருஷத்தில் ஒரு தடவை கிடைத்தால் அதுவே விருந்து.

மூன்றில் எதுவானாலும் வைத்தியம் ஒன்றுதான். மழைத்தண்ணீரால் மண்ணை நன்றாக ஊற ஊற அலசி வடியவிடுவது. தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003-இல் எல்லா வீட்டுக்கும் கட்டாயமானது. பல வீடுகளில் அந்தக் குழாய் பேருக்கு நிற்கிறது. அதன் வாயில் ஒரு பீப்பாயை வையுங்கள். கருகின நுனி மறுபடி பச்சையாகாது. அதைக் கத்தரிப்பது உங்கள் கண்ணுக்காக, செடிக்கு அதனால் லாபமுமில்லை, நட்டமுமில்லை. வைத்தியம் பலித்ததா என்பதைப் புதுக் குருத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

மஞ்சளிக்கிறது: எந்த இலை?

அடியில் கிடக்கும் பழைய இலைகள் மட்டும் மஞ்சளித்துக் காய்கின்றன, குருத்து பச்சை என்றால் அது வயசு. வெட்டி அங்கேயே மூடாக்காகப் போடுங்கள். பழைய இலைகள் கூட்டமாக மஞ்சளித்து, புதிய இலைகளும் சிறுத்து வெளிறி வந்தால் தழைச்சத்துக் குறைவு. தொழுவுரம் வையுங்கள்.

புதிய இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் கதை வேறு. மண்ணில் இரும்புச்சத்து இருக்கிறது, ஆனால் காரமண்ணாக இருப்பதால் வேரால் எடுக்க முடியவில்லை. இது பெரும்பாலும் சுவரோரத்தில்தான் வரும். வீடு கட்டியபோது கொட்டின சிமெண்டுக் கட்டி, சுண்ணாம்புக் காரை எல்லாம் அந்த மண்ணுக்குக் கீழே கிடக்கும். ஒரு அடி ஆழம் தோண்டினால் செங்கல் துண்டு தட்டுப்படும். மண்ணை மாற்றலாம், ஆனால் சுவரிலிருந்து சுண்ணாம்பு வடிந்துகொண்டேயிருக்கும்.

அந்த இடத்தில் மல்லுக்கட்டாமல் ஆளை மாற்றுங்கள் என்பேன். பழைய கிணற்றுச் சுவர், கோயில் மதில், பாலத்தின் காரை இடுக்கு இங்கெல்லாம் நீளநீளமான மட்டைகளோடு ஒரு பெரணி தொங்குமே, டெரிஸ் விட்டாட்டா, அதற்குச் சுண்ணாம்பென்றால் கொண்டாட்டம். நம் நெஃப்ரோலெப்பிஸ் மாதிரி பாய் விரிக்காது, குத்துக் குத்தாகத்தான் நிற்கும். நெருக்கி நட்டால் சுவரோரம் நிறைந்துவிடும். ஒரு எச்சரிக்கை. இந்தப் பெரணி மண்ணிலுள்ள ஆர்செனிக் என்ற நஞ்சை உறிஞ்சி இலையில் சேர்த்துவைக்கும் என்று 2001-இல் கண்டுபிடித்தார்கள். பழைய சாயம், மருந்தடித்த மரச்சாமான் என்று குப்பை புதைத்த இடத்தில் இது வளர்ந்தால் இலைகளைக் காய்கறிப் பாத்திக்கு உரமாக்காதீர்கள்.

இலை வெளுத்து, வறட்டுப் பழுப்பாகிறது

வெயில். 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் எங்கள் மாவட்டத்தைப் புரட்டிப்போட்டபோது சக்கைமரத்தின் மேற்குக் கிளை முறிந்து விழுந்தது. பெரணிக்குப் புயலால் சேதம் ஒன்றுமில்லை. சேதம் மழைவிட்ட பிறகு வந்தது. அதுவரை மதிய வெயிலையே பார்த்திராத இலைகள் ஒரே வாரத்தில் வைக்கோல் நிறமாகிவிட்டன. கிழங்கைத் தோண்டிப் பார்த்தேன், கல்லு மாதிரி இருந்தது. தென்னோலையைக் குறுக்கே கட்டி நிழல் கொடுத்தேன். அடுத்து வந்த இலைகள் கட்டையாக, கொஞ்சம் தடிப்பாக, நிமிர்ந்து வந்தன. அதாவது வெயிலுக்குத் தக்கபடி உடுத்திக்கொண்டு வந்தன. ஓலையை மெதுவாக ஒவ்வொன்றாக எடுத்தேன்.

நிழல் போதுமா, அதிகமா என்று கண்டுபிடிக்க மதியம் பன்னிரண்டு மணிக்குப் பாத்திக்கு ஒரு அடி மேலே கையை விரித்துப் பிடியுங்கள். விரல் விரலாக அழுத்தமான நிழல் விழுந்தால் பெரணிக்கு வெயில் அதிகம். கை என்று தெரிகிறது, விளிம்பு கலங்கியிருக்கிறது என்றால் அதுதான் இடம். நிழலே விழவில்லை என்றால் இருட்டு. அங்கே இலை நீண்டு, சிற்றிலைகள் அகன்று விலகி, குத்து தளர்ந்து சாயும். ஒன்றிரண்டு கீழ்க் கிளையைக் கழித்தால் சரியாகும். காலை வெயில் ஒன்பது மணிவரை பட்டால் ஒன்றும் ஆகாது, நல்லதுகூட.

நடுக்குத்து அழுகுகிறது

ஐப்பசி, கார்த்திகையில் வரும் புகார். குத்தின் நடுவில் குருத்து கறுத்து, இழுத்தால் கையோடு வரும். தோண்டினால் கிழங்கு பிதுங்கும்.

பத்தில் எட்டுக்குக் காரணம் நட்ட விதம். வாழைக்கன்று மாதிரி குழிதோண்டி உள்ளே இறக்கி மண்ணை மிதித்திருப்பார்கள். பெரணியின் தண்டு மண்மட்டத்துக்குச் சற்று மேலேயே இருக்க வேண்டும். வேர் மட்டும் மண்ணுக்குள், குருத்துக்குக் காற்று. பனைமட்டை இடுக்கில் ஒரு பிடி மண்கூட இல்லாத இடத்தில் இதன் சொந்தக்காரர்கள் தழைத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்களே. அதற்குத் தண்ணீர் நிற்பது பிடிக்காது, ஈரம் தங்குவதுதான் பிடிக்கும். இரண்டும் ஒன்றல்ல.

அழுகியதை வெட்டி எறிந்துவிட்டு, ஓரத்துக் குத்துகளைத் தூக்கி, மண்ணை ஒரு கையளவு மேடாக்கி மறுபடி வையுங்கள். களிமண் பூமி என்றால் ஆற்றுமணலைவிட மக்கிய இலையும் உடைந்த ஓட்டுச்சில்லும் நன்றாக வடிக்கும். டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சை கிடைத்தால் தொழுவுரத்தில் கலந்து, ஈரப்படுத்தி, நிழலில் ஒரு வாரம் மூடிவைத்துப் பிறகு தூவுங்கள். இதைச் செய்துவிட்டுத் தண்ணீரை நிற்கவிட்டால் பலனில்லை.

குருத்து நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அடர்ந்த இலைகளுக்குள்ளே கறும்பழுப்புத் திட்டுகள், சிலந்திவலை மாதிரி மெல்லிய இழை என்றால் அது பூஞ்சைக் கருகல். காற்றோட்டம் இல்லாததால் வருவது. மூன்றிலொரு பங்கு இலையைக் கழித்துவிடுங்கள், சாயங்காலத்தில் இலைமேல் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள். திட்டுகள் நரம்போடு நரம்பாகக் கோடு கிழித்தது போலப் பட்டை பட்டையாக இருந்தால் இலை நூற்புழு, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய புழு. அது இலைமேல் இருக்கும் தண்ணீர்ப் படலத்தில் நீந்தித்தான் அடுத்த இலைக்குப் போகும். அந்த இலைகளை எரியுங்கள், தண்ணீரை அடியில் விடுங்கள். மருந்துக்கடைக்குப் போக வேண்டாம்.

நட்டு ஒரு வருஷம் ஆச்சு, படரவே இல்லை

30 சென்டிமீட்டருக்கு ஒன்றாக நட்டால் சதுர மீட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு குத்து பிடிக்கும். எங்கள் விளையில், அதாவது தோட்டத்தில், மண் மறைய இரண்டு மழைக்காலம் ஆனது. ஒரு வருஷத்தில் எதிர்பார்ப்பது கொஞ்சம் பேராசை. ஆனால் ஓடுதண்டே வரவில்லை என்றால் பாருங்கள்.

மூடாக்கு முதல் சந்தேகம். சக்கை இலையும் மாவிலையும் தோல் மாதிரி தடிப்பானவை. மழையில் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிப் பாயாகிவிடும். ஓடுதண்டு அதன்மேல் ஓடும், மண்ணைத் தொடாது, வேர்விடாமல் காயும். ஓடுகிற தண்டுகளுக்கு முன்னால் இலையை விலக்கி மண்ணைக் காட்டுங்கள். நான் தண்டின் மேல் சின்னச் சின்னக் கற்களை வைத்து மண்ணோடு அழுத்திவிடுவேன். குழந்தைகளுக்கு அது நல்ல விளையாட்டு.

அடுத்தது மரத்தின் வேர். தென்னையின் அடியிலிருந்து இரண்டு மீட்டர் தூரத்துக்குச் சுற்றிலும் நார்வேர் பின்னிக் கிடக்கும். நீங்கள் ஊற்றுவதையெல்லாம் அது முதலில் குடித்துவிடும். அங்கே தோண்டி வேரை வெட்டி நடுவது வீண். மூன்று விரல் கனத்துக்கு மக்கிய இலையைப் பரப்பி, அதன் மேலேயே பெரணியை உட்காரவைத்து, முதல் கோடை முழுக்கத் தண்ணீர் விடுங்கள். புளியமரத்தடியில் எதுவும் வராது என்பார்கள். எங்கள் பக்கத்து வீட்டில் வந்திருக்கிறது, மெதுவாக.

கடித்த தடம்

ஒழுங்கில்லாத ஓட்டைகள், குருத்து மொட்டையாகக் கிடக்கிறது, தரையில் பளபளக்கும் கோடு: நத்தை. உள்ளங்கை அளவு வளரும் ஆப்பிரிக்க நத்தை எங்கள் பக்கமும் வந்துவிட்டது. 1847-இல் கல்கத்தாவுக்கு ஒருவர் கொண்டுவந்து விட்டதாம். அதன் வம்சம்தான் இன்று நம் பப்பாளியைத் தின்கிறது. ஈரச்சாக்கின் அடியில் பப்பாளி இலையை வைத்து இரவில் போட்டுவிட்டு, விடியற்காலை புரட்டினால் கூட்டமாக அகப்படும். உப்புக்கரைசல் வாளியில் போடுங்கள். உப்பைப் பாத்தியில் தூவிவிடாதீர்கள், நுனி கருகும் பாட்டை மறுபடி முதலிலிருந்து பாட வேண்டிவரும். வெறுங்கையால் தொடவே வேண்டாம். எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழுவின் இளம்பருவத்தை நத்தை சுமக்கும். மனிதருக்குள் போனால் மூளைச்சவ்வைத் தாக்கும்.

குத்து மொத்தமாகப் பிடுங்கி எறிந்திருந்தால் கோழி. மூடாக்குக்குள் புழுவைத் தேடிக் கிளறுகிறது. நட்ட மூன்று மாதத்துக்குப் பழைய மீன்வலையை விரித்துவையுங்கள், அது போதும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் வட்டமாகத் தீய்ந்திருந்தால் நாய் கால் தூக்கும் இடம்.

மொத்தமும் செத்துப்போச்சு

மாசி, பங்குனியில் இந்தப் பேச்சு வரும். இலையெல்லாம் பழுப்பாகிச் சரிந்து கிடக்கும். அம்மை ஒரு தடவை எல்லாவற்றையும் பிடுங்கிப் போடச் சொல்லி ஆளே வரவழைத்துவிட்டாள். 'கிழங்கைப் பாருங்க அம்மா' என்று தோண்டிக் காட்டினேன். பாதி சுருங்கியிருந்தது, பாதி கெட்டி. பாதி போதும். வாரத்தில் இரண்டு நாள் ஆழமாகத் தண்ணீர் விட்டு, மே மாதக் கடைசியில் காய்ந்ததையெல்லாம் நாலு விரல் விட்டு வெட்டினோம். தென்மேற்கு மழை இறங்கிய இரண்டாம் வாரம் வயலின் வாத்தியத்தின் தலை மாதிரிச் சுருண்ட குருத்துகள் மண்ணைப் பிளந்துகொண்டு வந்தன. ஆள் வந்த கூலி மட்டும் நட்டம்.

நடுவில் ஓர் இடத்தில் அடியந்தம் பெரணி வைத்திருந்தீர்களா? கறுத்து மினுங்கும் காம்பும் விசிறி மாதிரிச் சிற்றிலையும் கொண்ட நம் நாட்டு வகை, அடியந்தம் பிலிப்பென்ஸ். அது கோடையில் மேலே சுவடே இல்லாமல் போய்விடும். இயல்பே அதுதான். இடத்தை மறந்து வெட்டிவிடாமல் ஒரு குச்சி நட்டுவையுங்கள்.

அடங்க மாட்டேங்குது

சிலருக்கு இதுதான் நோய். இதே கார்டிஃபோலியா அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் காட்டை நெருக்கும் களை. அங்கே சொந்த மண்ணின் செடி பாஸ்டனின் மூலவகை. நர்சரிகளில் இரண்டும் மாறிப்போக, ஆட்கள் கிழங்கு இருக்கிறதா என்று பார்த்துப் பிரிக்கிறார்கள். நமக்கு நாட்டுச் செடி, அவர்களுக்கு வந்தேறி. நம் ஊரிலும் ஈரமும் மக்கும் சேர்ந்த இடத்தில் நடைபாதையைத் தாண்டி ரோஜாப் பாத்திக்குள் நுழைந்துவிடும். ஓடுதண்டு ஆழமாகப் போகாது. பழைய மங்களூர் ஓடுகளைச் செங்குத்தாகப் புதைத்து, இரண்டு விரல் வெளியே தெரியவிட்டால் தடுப்பாகும். மேலே தாவும் தண்டுகளை மாதம் ஒரு தடவை கத்தரியுங்கள். பிடுங்கியதை ஓடைக்கரையில் கொட்டக் கூடாது. ஒவ்வொரு கிழங்கும் முளைக்கும்.

குத்து வேண்டும் என்பவர்களுக்கும் இதே இடத்தில் ஒரு வார்த்தை. மலையில் ஏறிப் பறிக்காதீர்கள். சரணாலயத்துக்குள் செடி பிடுங்குவது 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டப்படி குற்றம். 'அடங்க மாட்டேங்குது' என்று யாராவது தலையில் அடித்துக்கொண்டிருப்பார், அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

'பாம்பு அடையும், வெட்டு'

வீட்டுப் பெரியவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பெரணிக்காகப் பாம்பு வருவதில்லை, அங்கே இருக்கும் தவளைக்கும் எலிக்குமாக வரும். நடைபாதையிலிருந்தும் வாசல்படியிலிருந்தும் அரை மீட்டர் இடத்தை வெறுந்தரையாக விடுங்கள். இரவில் அந்தப் பக்கம் விளக்கு. பாத்திக்குள் கை விடும் முன் குச்சியால் தட்டுங்கள், காலில் பூட்ஸ். அம்மை இதற்குச் சம்மதித்தாள், வேறு எதற்கும் சம்மதிக்கவில்லை.

பாத்தி ஓரத்தில் பச்சையாக ஏதோ படர்கிறது

மழைக்காலத்தில் ஈரக்கல், தொட்டி விளிம்பு, துவைகல்லின் நிழல்பக்கம் இங்கெல்லாம் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாக, இதய வடிவத்தில், தரையோடு ஒட்டிய பச்சைத் தகடுகள் தெரியும். பாசி என்று தென்னம் விளக்குமாற்றால் தேய்க்கத் தொடங்குவோம். நிறுத்துங்கள். ஸ்போரிலிருந்து நேராகப் பெரணி முளைப்பதில்லை. முதலில் இந்தத் தகடு. இதன் அடியில் ஆண் அணுக்கள் ஒரு துளித் தண்ணீரில் நீந்திப் போய்ப் பெண் அணுவைச் சேர்ந்தால்தான் பெரணி பிறக்கும். பூவாளியால் லேசாக ஈரம் காட்டிக்கொண்டே இருங்கள். சில வாரம் கழித்துத் தகட்டின் பிளவிலிருந்து ஒற்றை இலை எட்டிப் பார்க்கும். அது இரண்டு விரல் உயரம் வந்த பிறகு கல்லோடு சேர்ந்த மண்ணைக் கத்தியால் நெம்பி எடுத்து நிழலில் வையுங்கள், இந்த முறையும் ஆழமாக வேண்டாம்.